வேப்பம்புகையும் பகற்கொசுவும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற புரட்டாசித் திங்களில் என் இளைய மகள் டெங்குக் காய்ச்சலால் ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தாள். அந்திதோறும் வேப்பிலையும் நொச்சியும் இட்டுப் புகைபோடும் வீடு எங்களுடையது. “புகை போட்டும் காய்ச்சல் வந்ததே, ஏன்?” என்று என் மனையாள் கேட்டாள். அன்று நான் விடையறியாது விழித்தேன். பின்னர்த் தேடி அறிந்ததையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

கொசுவை வீழ்த்தும் ஆற்றல் செடிகொடிகளுக்கு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பைரித்ரம் என்றொரு செடி உண்டு, சாமந்திக்கு உறவு. கென்யா நாட்டு மேட்டு நிலங்களில் பயிராகிறது. அதன் வெண்மலரை உலர்த்திப் பொடித்தால், அப்பொடி பூச்சியின் நரம்பைத் தாக்கி அதை உடனே கீழே தள்ளும். ஜப்பானியர் சென்ற நூற்றாண்டுக்கு முன்னரே இப்பொடியைக் கொண்டு கொசுவர்த்தி செய்தனர். ஆயினும் வெயில் பட்டால் இதன் வீரியம் விரைவில் அழிந்துவிடும். 1949இல் அமெரிக்க வேதியியலார் இதைப் போன்ற அல்லத்ரின் என்ற பொருளைச் செயற்கையாக ஆக்கினர். இன்று நாம் மின்சாரத்தில் செருகும் கொசுமருந்துக் குப்பியும் அம்மலரின் வழித்தோன்றலே.

நம் வேம்பின் வழி வேறு. அதன் வித்திலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் கொசுப்புழுவைத் தோலுரிக்கவிடாமல் தடுக்கிறது. புழு கொசுவாகாமலே மடிகிறது. மதுரை ஆராய்ச்சியாளர்கள் நெல்வயல்களில் வேம்பினைப் பயன்படுத்திப் புழு குறைவதைக் கண்டனர். டில்லி ஆராய்ச்சியாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு இரண்டு பங்கு வேப்பெண்ணெய் கலந்து மேனியில் பூசினால் மலேரியாக் கொசு அண்டுவதில்லை. தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். அதனால் வலிப்பு கண்டு உயிரிழந்த குழந்தைகள் உண்டு. மூடிய அறையில் புகைமூட்டம் போடுவதும் இளைப்பு நோயாளிகளுக்கு ஆகாது.

இனி என் மனையாளின் கேள்விக்கு வருகிறேன். மலேரியாக் கொசு இரவில் கடிப்பது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவோ, கால்களில் வெள்ளைப் பட்டைகளோடு பகலில் வந்து கடிப்பது. காலையிலும், பொழுது சாய்வதற்கு முன்னும் அதற்குக் கொண்டாட்டம். விளக்கு வைத்தபின் நாம் புகை போடும்போது அது தன் வேலையை முடித்திருக்கும். சாக்கடை நீரைவிடத் தெளிந்த நீரையே அது நாடுகிறது. குடம், டிரம், பூந்தொட்டித் தட்டு, கூலர் எதுவும் அதற்குப் போதும்.

கூலர் என்றதும் சிலர் முகம் மாறுவதைக் காண்கிறேன். என் முகமும் அன்று அப்படித்தான் மாறியது! கோடை கழிந்து கூலரை நிறுத்திய நாங்கள், சன்னலுக்கு வெளியே நின்ற அதன் தொட்டியை மறந்தோம். மழை நீர் நிரம்பிற்று. மகள் மருத்துவமனையில் இருந்தபோதுதான் மூடியைத் திறந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கான புழுக்கள் நெளிந்தன. தெருக் குப்பையையும் நகராட்சியையும் குறை கூறிக்கொண்டிருந்த நான் வாயடைத்து நின்றேன்.

நீரைக் கவிழ்த்துவிட்டால் போதும் என்றும் நினைத்தேன், அதுவும் பிழை. ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்தை ஒட்டித் தொட்டிச் சுவரில் ஒட்டவைக்கிறது. அவை உலர்ந்தும் மாதக்கணக்கில் சாகா. மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை நீரை வடித்துச் சுவரைத் தேய்த்துக் கழுவுவதே வழி. இதற்கு வேப்பெண்ணெயும் வேண்டாம், மலர்ப்பொடியும் வேண்டாம். தேங்காய் நார் போதும்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் குவார்ட்டர்சிலிருந்து தொடங்கி வரிசையாக ஒவ்வொரு வீட்டுக் கூலரையும் தேய்க்கலாம் என்று நண்பர்கள் சிலர் இசைந்துள்ளனர். மாடித் தொட்டிக்கு ஏற ஓர் ஏணி தேவைப்படுகிறது. வைத்திருப்பவர்கள் விழா முடிந்ததும் என்னிடம் சொல்லவேண்டுகிறேன்.