சூளையும் சுழல் முதலும்

(கம்மாபுரத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

 

கம்மாபுரத்தினின்று மேற்கே செல்லும் பேருந்தின் நெற்றியில் 'விருத்தாசலம்' என்று எழுதியிருக்கின்றது. முதுகுன்றம் என்பதே அவ்வூரின் பழம்பெயர். பழமலை என்றும் தமிழர் வழங்கினர். முதுமையை விருத்தமாகவும் குன்றத்தை அசலமாகவும் மாற்றியவர்கள் பெயரை மாற்றினார்களேயன்றி மண்ணை மாற்ற இயலவில்லை. அம்மண் இன்றும் தமிழன் கையில் விளக்காகவும் பாவையாகவும் பீங்கானாகவும் உருப்பெறுகின்றது. அவ்வாறு உருப்பெற்ற பொருளின் விலை, உருவாக்கியவன் கைக்கு எப்பொழுது வந்து சேர்கின்றது என்பதே இங்கு எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி.

பழுப்பு நிலக்கரி எடுப்பதற்காக 1956-இல் நெய்வேலியில் நடுவணரசின் நிறுவனம் அமைந்தது. கரியை எட்டுவதற்கு முன் அகற்றியாகவேண்டிய மண்ணடுக்குகளிலே வெண்களியும் கிடந்தது. அண்மையிலேயே, முதுகுன்றத்தில், தமிழக அரசு பீங்கான் நடுவத்தையும் தொழிற்பேட்டையையும் பீங்கான் தொழில்நுட்பம் பயிற்றும் பயிலகத்தையும் நிறுவியது. மண்ணும் இருந்தது, கல்வியும் வந்தது, கொட்டகையும் எழுந்தது. மக்கள் 'பியூசுக் கட்டை' என்று சொல்லும் மின்னுருகிப் பிடிகளும், மின்கம்பி தாங்கும் பீங்கான்களும், அகல்களும், பாவைகளும் இங்கிருந்து பல ஊர்களுக்குச் சென்றன. அவ்வளவும் இருந்தும் சிறு சூளையாளன் ஏன் கடன்காரனாகவே நிற்கின்றான்?

அவன் பணம் நடக்கும் வழியைப் பாருங்கள். களிமண்ணுக்கும் வெண்கல் மாவுக்கும் உடனே பணம் தரவேண்டும். பிசைந்து, அச்சிலிட்டு, நிழலில் உலர்த்தவேண்டும். விரைந்து உலர்த்தினால் வெடிக்கும். மழை பிடித்துவிட்டால் உலர்வது நின்றுபோகும். மேற்பூச்சிட்டுச் சூளையேற்றி 1,200 பாகைக்கு மேல் சுடவேண்டிய பொருள்களும் உண்டு. எரிபொருளுக்கு எவனும் கடன் சொல்லான். கிழமைதோறும் கூலி கொடுக்கவேண்டும். சூளை ஆறிப் பிரித்தால் அதில் உடைசல் ஒரு பங்கு போகும். எஞ்சியதை வாங்கிச் செல்லும் பெருவணிகன் "அடுத்த திங்கள் பார்க்கலாம்" என்கின்றான். அந்த அடுத்த திங்கள் மூன்றாம் திங்களாகவும் ஐந்தாம் திங்களாகவும் நீளும்.

பாவை செய்வோர் நிலை இன்னும் கடிது. கோடையில் செய்த பாவை புரட்டாசியிலேதான் விலையாகும். கார்த்திகை அகலும் அவ்வாறே; பல திங்கள் உழைப்பு சில நாள் சந்தையில் பணமாகவேண்டும். (கொலு வைப்பதை ஏற்பதும் மறுப்பதும் வேறு செய்தி, பாவை செய்தவன் பசித்திருக்கலாகாது.) பொருள் செய்யும் நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையே கிடக்கும் இந்தப் பள்ளத்தைத் தாண்ட வேண்டிய பணமே சுழல் முதல். எந்திரம் வாங்கப் பணமின்றி மடிந்த தொழில்களைவிட, எந்திரத்தை வைத்துக்கொண்டு மண் வாங்கப் பணமின்றி மடிந்த தொழில்களே மிகுதி என்று துணிந்து சொல்லலாம்.

அப்பள்ளத்திலேதான் தண்டல்காரன் காத்திருக்கின்றான். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எண்ணாயிரத்து ஐந்நூறு கொடுப்பான். நாளுக்கு நூறாக நூறு நாள் தண்டுவான். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். முதல் நாள்முதலே கடன் கரைந்துகொண்டு வருவதால், ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் அது நூற்றுக்கு நூறையும் தாண்டும்! வங்கியில் நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் ஓர் இலக்கம் பெற்றவன் மூன்று திங்களுக்கு மூவாயிரம் உருபா வட்டி கட்டுவான். நூற்றுக்குத் திங்கள் பத்து என்னும் கந்துவட்டியில் பெற்றவன் முப்பதாயிரம் கட்டுவான். ஒரே மண், ஒரே சூளை, ஒரே உழைப்பு; ஒருவன் வளர்கின்றான், ஒருவன் சூளையை விற்கின்றான். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழக அரசு 2003-இல் சட்டம் இயற்றியது. ஆயினும், மாற்றுக் கடன் கிடைக்காத இடத்தில் வட்டிக்காரனைச் சட்டம் மட்டும் விரட்டிவிடாது.

அரசுகள் ஒன்றுமே செய்யவில்லை என்பது பொய்யுரை. மாநில அளவில் தொழிற்கடன் தரும் நிறுவனம் 1949-இலேயே சென்னையில் தோன்றிற்று; அதுவே இன்றைய தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம். 1969-இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாயின. 1970-இல் தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. வங்கிகள் தம் கடனில் நாற்பது விழுக்காட்டை முன்னுரிமைத் துறைகளுக்கும், அதனுள் ஏழரை விழுக்காட்டைக் குறுந்தொழில்களுக்கும் தரவேண்டும் என்பது நெறி. 2010-இல், பத்து இலக்கம் உருபா வரையிலான சிறுதொழிற் கடனுக்கு ஈடு கேட்கலாகாது என்றும் நடுவண் வங்கி ஆணையிட்டது. தமிழ்நாட்டில் வங்கிகள் திரட்டும் வைப்பைக் காட்டிலும் கொடுக்கும் கடன் மிகுதி என்பதும் உண்மையே. ஆனால், அம்மொத்தக் கணக்கில் பேராலையும் சூளையும் ஒன்றாய்க் கலந்துகிடக்கின்றன. மொத்தம் நிறைந்திருப்பதால் கம்மாபுரத்துக் குறுந்தொழிலாளன் கை நிறைந்துவிடாது.

கடன் ஆவணம் அவன் மொழியில் இல்லை என்பது அடுத்த கொடுமை. பக்கம் பக்கமாக ஆங்கிலம். ஒப்பமிட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கற்குறி. வட்டி எவ்வளவு, தவணை தவறினால் தண்டம் எவ்வளவு, எதற்குப் பிணை நிற்கின்றான் என்பதறியாமல் தமிழன் தன் மண்ணிலேயே கைந்நாட்டு வைப்பவனாகின்றான். வாடிக்கையாளர்க்குரிய அச்சுத்தாள்கள் மாநில மொழியிலும் இருக்கவேண்டும் என்று நடுவண் வங்கியே நெறி வகுத்துள்ளது. ஆகலின் தமிழ்ப் படிவம் கேட்பது இரத்தல் அன்று. எழுதப்பட்ட நெறியைத்தான் அவன் கேட்கின்றான்.

கடன் கொடுக்கும் கலை தமிழனுக்குப் புதிதன்று. நகரத்தார் முதல் பருமாவின் ஐராவதிக் கழிமுகத்தை நெற்களஞ்சியமாக்க உதவிற்று. 1930-களில் நெல்விலை வீழ்ந்தபோது கடனுக்கு ஈடான நிலங்கள் அவர்கள் கையில் வந்து குவிந்தன. கீழைப் பருமாவின் நெல்வயல்களில் ஏறத்தாழக் காற்பங்கு அவ்வாறு சேர்ந்தது. அதனால் விளைந்த பகையும் சிறிதன்று. நிலத்தை ஈடாகக் கொள்ளும் கடன், தீய ஆண்டில் நிலத்தையே விழுங்கும் என்பதைத் தமிழர் வரலாறே காட்டுகின்றது.

இதற்கு மாற்றான வழி செருமனியில் இரைஃபைசன் என்பார் தொடங்கிய கூட்டுறவுக் கடன். ஊரார் ஒருவர்க்கொருவர் பிணை. நிலத்தைவிட நாணயமே ஈடு. அவ்வழியைச் சென்னை மாகாணத்திற்குப் பரிந்துரைத்து 1890-களில் அறிக்கை அளித்தவர் நிக்கல்சன். 1904-இல் திரூரிலும் காஞ்சிபுரத்திலும் கூட்டுறவுக் கடன் கழகங்கள் எழுந்தன. இந்தியாவில் கூட்டுறவுக் கடனுக்கு முன்னோடியாய் நின்ற மண் இது!

கடன் கொடுக்கும் முறையில் குலப்பூட்டு நுழைவதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். 2023-இல் நடுவணரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம் பதினெட்டுத் தொழில்களுள் குயத்தொழிலையும் சேர்த்துக் குறைந்த வட்டிக்குக் கடன் தருகின்றது. குடும்பவழித் தொழில் என்னும் நிபந்தனையை நீக்குமாறு தமிழக அரசு கேட்டது. நீக்கப்படாமையால் அத்திட்டத்தை ஏற்க மறுத்து, குடும்பவழி கேளாத கைவினைத் திட்டம் ஒன்றை 2025-இல் தானே தொடங்கிற்று. பயிலகத்தில் பீங்கான் கற்ற எவர் பிள்ளையும் சூளையாளர் ஆகலாம். குயவர் பிள்ளை வேறெதுவும் ஆகலாம்.

கம்மாபுரத்தார் இன்று செய்யத்தக்கது ஒன்று உண்டு. இருபது சிறுதொழிலாளர் ஒரு கூட்டாகச் சேரட்டும். மண்ணும் எரிபொருளும் கூட்டாக வாங்கினால் விலை குறையும். விற்ற பொருளின் பட்டியலைக் காட்டிக் கூட்டுப் பிணையில் சுழல் முதல் கேட்டால், ஈட்டுக்கு நிலமில்லாத பெண்களும் அதில் இடம்பெறலாம். சிறுதொழிலாளரிடம் பொருள் ஏற்றவர் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கின்றது. தனியொருவன் அதைக் கேட்டால் வணிகன் அடுத்த சூளைக்குப் போய்விடுவான். இருபது பேரும் சேர்ந்து கேட்டால் போக்கிடம் குறையும். அதற்கு முதலில் 'உத்யம்' பதிவு வேண்டும். பெயரைப் பொறுத்துக்கொண்டு பதிவை முடித்துவிடுங்கள். ஒவ்வொரு பட்டியலிலும் வாங்குவோர் ஒப்பமும், பொருளை ஏற்ற நாளும் தெளிவாகத் தமிழில் இருக்கட்டும். நாற்பத்தைந்து நாளை எண்ணத் தொடங்குவது அந்த நாளிலிருந்துதான்.