பாம்ப்ளோனாவுக்கு ஒரு பயணத் திட்டம்



வருகின்ற ஜூலைத் திங்களில் நான் ஸ்பெயின் நாட்டிற்குச் செல்ல எண்ணியிருக்கிறேன். அந்நாட்டின் வடபகுதியில் நவார்ரா மாநிலத்தின் தலைநகராக விளங்குவது பாம்ப்ளோனா. அந்நகரத் தெருவில் சீறிவரும் காளைகளுக்கு முன்னால் ஓட வேண்டும் என்று என் தமக்கையின் மகன் உறுதி பூண்டிருக்கிறான். அவனுக்கு வயது இருபத்தொன்று, கல்லூரி மாணவன். "தம்பி, போகாதே என்று தடுத்தால் அவன் என்னிடம் சொல்லாமலே போய்விடுவான். நீ உடன் போய் வா" என்று தமக்கையார் கூறிவிட்டார். ஆகவே, எப்படிப் போவது, எப்படித் திரும்புவது என்று திட்டமிடும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அத்திட்டத்தையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில், அந்த ஓட்டம் இன்னதென்று அறிந்துகொள்ள வேண்டும். சான் ஃபெர்மின் என்னும் புனிதரின் பெயரால் ஆண்டுதோறும் ஜூலை 6 முதல் 14 வரை அங்கே பெருவிழா நடைபெறுகிறது. 7ஆம் நாள் தொடங்கி 14ஆம் நாள் வரை, எட்டு நாட்களும் காலை எட்டு மணிக்குக் காளை ஓட்டம் உண்டு. 'என்சியெர்ரோ' என்பது அதன் ஸ்பானியப் பெயர். அடைத்தல் என்பது அச்சொல்லின் பொருள். முற்காலத்தில் ஊருக்கு வெளியேயிருந்து காளைகளை ஓட்டிவந்து, மாலைப் போருக்காகக் களத்துப் பட்டியில் அடைப்பார்கள். அவ்வாறு ஓட்டிவருகையில் ஊர் இளைஞர்களும் கூடவே ஓடத் தலைப்பட்டனர். தொழிலாக இருந்தது இவ்வாறு விழாவாயிற்று. 1926இல் வெளிவந்த தம் நாவலில் எர்னஸ்ட் ஹெமிங்வே இவ்விழாவைச் சித்திரித்த பிறகு, உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கே வரலாயினர்.

ஓடும் தூரம் ஏறத்தாழ 875 மீட்டர். ஓடும் நேரமோ பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடங்களே. ஆறு போர்க்காளைகளும், அவற்றுக்கு வழிகாட்டப் பழக்கிய எருதுகளும் ஒருங்கே வரும். போர்க்காளைகள் பெரும்பாலும் 500 கிலோவுக்கும் மேல் எடையுள்ளவை. சான்டோ டொமிங்கோ என்னும் மேட்டுத் தெருவில் தொடங்கி, நகர மன்றச் சதுக்கத்தைக் கடந்து, மெர்காதேரெஸ் தெருவில் புகுந்து, அதன் கோடியில் வலப்புறம் திரும்பி, எஸ்தஃபேத்தா என்னும் நீண்ட குறுகிய தெரு வழியாகக் களத்தை அடைகின்றன. முதல் வாணம் வெடித்தால் பட்டி திறந்தது என்று பொருள்; இரண்டாவது வெடித்தால் எல்லாக் காளைகளும் வெளிவந்துவிட்டன; மூன்றாவது, யாவும் களத்தினுள் வந்து சேர்ந்தன; நான்காவது, யாவும் பட்டியில் அடைபட்டன. முதல் இரண்டு வாணங்களுக்கும் இடைவெளி நீண்டால், காளை ஒன்று கூட்டத்தினின்றும் பிரிந்துவிட்டது என்று அனுபவசாலிகள் ஐயுறுவர். இனத்தோடு ஓடும் காளையைவிடத் தனித்து நின்ற காளை பன்மடங்கு கொடியது.

நம் நாட்டு ஏறு தழுவுதலைக் கண்டு பழகியவர்கள் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். இங்கே திமிலைப் பற்றி அணைவதே வீரம். அங்கே காளையைத் தொடுவதே குற்றம். அதைச் சீண்டுவதும், அதன் பின்னால் ஓடுவதும், ஒளிப்படக் கருவியோடோ முதுகுப் பையோடோ வருவதும், குடித்துவிட்டு வருவதும் விதியால் தடுக்கப்பட்டவை. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு இடமில்லை. காளைக்குச் சற்று முன்னால் சில விநாடிகள் ஓடிவிட்டு, ஓரமாக ஒதுங்கிவிடுவதே முறை. முழுத் தூரமும் காளையோடு ஓட எவராலும் இயலாது.

இனி ஆபத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1910ஆம் ஆண்டு முதல் கணக்கிட்டால் இந்த ஓட்டத்தில் 16 பேர் உயிரிழந்திருக்கின்றனர். இறுதி மரணம் நிகழ்ந்தது 2009இல். 1995இல் ஓர் அமெரிக்க இளைஞர் கீழே விழுந்தார். விழுந்தவர் உடனே எழுந்து நின்றார். எழுந்த கணத்தில் கொம்பு பாய்ந்தது. விழுந்தால் எழாதே, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு அசையாமற் கிட, என்று அங்குள்ளோர் கூறும் அறிவுரையின் அருமை இதனால் விளங்கும். 2013இல் களத்தின் நுழைவாயிலில் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து வழியே அடைபட்டுப் பலர் மூச்சுத் திணறினர். கொம்பினால் குத்துண்பவரைக் காட்டிலும், ஒருவர் காலில் ஒருவர் இடறிக் காயமுறுவோரே மிகுதி. அதனால் கூட்டம் பெருகும் சனி, ஞாயிறு இரண்டையும் தவிர்த்து, வார நாளையே நான் தேர்ந்திருக்கிறேன்.

பயண ஏற்பாடுகளுக்கு வருவோம். ஸ்பெயினுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்திற்கு ஆறு திங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்புறுதி கட்டாயம். இங்கேதான் கவனம் தேவை. விசாவுக்குப் போதுமான காப்புறுதி, காளையின் முன் ஓடிக் காயமுற்றவனுக்கும் போதுமானது என்று கொள்ளலாகாது. ஆபத்தான விளையாட்டுகளை விலக்கிவைக்கும் பத்திரங்கள் பல உண்டு. ஆகவே சிறிய எழுத்தில் அச்சிட்டதை முதலில் வாசிக்க வேண்டும். தங்கும் அறையையோ பல திங்கள் முன்பே பதிவு செய்தாக வேண்டும். சுமார் இரண்டு இலட்சம் மக்கள் வாழும் ஊரில், விழா நாட்களில் அதனினும் பன்மடங்கு கூட்டம் கூடுகிறது. மாட்ரிட் வரை விமானம். அங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்திற்கு மேல் பயணம்.

பணமும் பத்திரமும் ஒருபுறமிருக்க, எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. காலையில் ஓடிய ஆறு காளைகளும் அன்று மாலையே களத்தில் வாளுக்கு இரையாகின்றன. இதை எதிர்த்து ஒவ்வோர் ஆண்டும் அந்நகரிலேயே குரல் எழுப்புவோர் இருக்கின்றனர். "மாமா, நான் ஓடத்தானே போகிறேன், கொல்லவா போகிறேன்?" என்கிறான் மருமகன். மாலைப் போர் இல்லையேல் காலை ஓட்டமும் இல்லை என்பது என் வாதம். இருவரில் எவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மாலைக் காட்சிக்கு நுழைவுச் சீட்டு வாங்குவதில்லை என்பதில் மட்டும் உடன்பட்டோம். காளைக்கு நேர்வதை அறியாமல் ஓடுவது வேறு, அறிந்து ஓடுவது வேறு. அறிந்த பின்னரே அவன் முடிவு செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆதலால் மூன்று நிபந்தனைகள் விதித்தேன், அவனும் ஏற்றுக்கொண்டான். முதலாவது, சென்ற மறுநாளே பாதை முழுவதையும் இருவரும் நடந்து பார்ப்பது. தெருத் திருப்பங்களையும், வேலியில் ஒதுங்கக்கூடிய இடங்களையும் கண்ணால் அளந்துகொள்வது. இரண்டாவது, முதல் ஓட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது மட்டுமே. அதற்கு முந்திய இரவு விழாக் கூத்தில் கண் விழிப்பதில்லை. மூன்றாவது, அதன் பிறகும் விருப்பமிருந்தால் அவன் ஓடலாம். விருப்பம் தணிந்தால், அதன் காரணத்தை நானோ வேறெவருமோ கேட்பதில்லை. இந்த மூன்றாவது நிபந்தனையைக் கேட்டபோது அவன் சற்று நேரம் பேசாமலிருந்தான். கல்லூரித் தோழர்களிடம் முன்னமே சொல்லிவிட்டானாம். சொன்ன சொல்லுக்காக ஓடுகிறவனுடைய கால்கள் அவன் வசம் இல்லை, மாணவர்களே. பிறர் கேலிக்கு அஞ்சிக் காளையின் முன் நிற்பதற்கு வீரம் என்று பெயரிட என் மனம் இடந்தரவில்லை.

எங்கள் திட்டத்தின் கடைசி வரியை நான் எழுதவில்லை, தமக்கையார் எழுதினார். அவன் ஓடினாலும் ஓடாவிட்டாலும், அந்த எட்டு நாட்களில் நாங்கள் அங்கிருக்கும் ஒவ்வொரு நாளும், காலை எட்டரை மணிக்கு வீட்டிற்குத் தொலைபேசியில் பேச வேண்டும். அப்போது நம் நாட்டில் நண்பகல் பன்னிரண்டு மணி. அதுவரை அடுப்பில் உலை ஏறாது என்று அவர் சொல்லியிருக்கிறார்.