கேள்விக்கு முன் கேள்வி



தீவுப்பகுதிக் கடற்பயணம் பற்றி மாணவர் சிலர் ஆராயப் புறப்படுகின்றோம். வினா எழுப்புபவனே கெட்டிக்காரன் என்று மிஷன் பள்ளிக்கூடத்திற் பழகியவன் நான். திருக்குறளின் 'கேள்வி' அதிகாரமோ பிறர் சொல்வதைக் கேட்டறிதலையே பேசுகின்றது.

நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. ஊராத்துறைக்கு, அதாவது நமது ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளைக் காக்க வேண்டும். ஆனை குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தாற் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. சரக்குக் கலமாயின் சரிபாதி என்கின்றது. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். அதை வாசியாமல், "இத்துறை எவ்வளவு பழையது?" என்று ஊரூராய்க் கேட்டுத் திரிவது வீண்வேலை.

நூலில் ஏறாத பேச்சும் உண்டு. சோளகம் எப்போது எழும், வாடை எப்போது மாறும் என்பது குறிகட்டுவான் இறங்குதுறையில் நாளாந்தப் பேச்சு. நெடுந்தீவார் சிலவேளை குமுதினிப் படகையும் நினைப்பர். 1985 மே 15ஆந் திகதி அதிற் பயணஞ் செய்தோரிற் பலர் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். அன்று பிள்ளையை இழந்த தாயிடம், "கடற்பயணத்தில் அச்சமுண்டா? ஆம், இல்லை" என்று தாளை நீட்டுவது ஆராய்ச்சியன்று; கொடுமை என்பேன். அவர் தாமாகப் பேசினாற் கேட்போம், பேசாவிடின் விட்டுவிடுவோம்.

ஆகையால் முதலிரு மாதமும் வினாப்பத்திரமின்றியே போகின்றோம். பெரியவர்களே, மாலையில் நீங்கள் கூடும் திண்ணையில் எங்களுக்கும் ஓரமாய் இடந் தாருங்கள். குறுக்கே பேசமாட்டோம்.