கரையில் கிடைக்கும் ஆறு மணி நேரம்



ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மாலையில் காற்று வாங்கப் போகிறவர்கள், தூரத்தில் வரிசையாக நிற்கும் கப்பல்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. இரவில் அந்த விளக்குகள் கடலுக்குள் இன்னொரு நகரம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் அந்த விளக்குகளுக்குக் கீழே மனிதர்கள் இருப்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. தூத்துக்குடிக்காரரும் கன்னியாகுமரிக்காரரும் நாகப்பட்டினத்துக்காரரும் அங்கே உண்டு. உங்கள் சித்தப்பா மகனே அதில் ஒருவராக இருக்கலாம். “அண்ணே, நாளைக்கு சிங்கப்பூர் வர்றோம், ஆறு மணி நேரம் கிடைக்கும்” என்று ஒரு நாள் தொலைபேசி வரும். அந்த ஆறு மணி நேரத்தை அவர் எப்படிப் பயன்படுத்த வேண்டும், நீங்கள் எப்படி உதவலாம் என்பதே இன்றைய உரை.

சொந்தப் பாய்மரப் படகில் உலகம் சுற்றுபவர்களுக்குத் துவாசில் ராஃபிள்ஸ் மரீனா, செந்தோசாவில் ஒன் டிகிரி ஃபிஃப்டீன் மரீனா என்று வசதியான இடங்கள் இருக்கின்றன. படகைக் கட்டிவிட்டு நாள்கணக்கில் தங்கலாம். சரக்குக் கப்பல் மாலுமிக்கு அந்த வசதி ஏது? சிங்கப்பூர் துறைமுகம் 2024ஆம் ஆண்டில் 4 கோடியே 11 லட்சம் கொள்கலன்களைக் கையாண்டது. வேலை வேகமாக முடிய முடிய, கப்பல் கரையில் நிற்கும் நேரம் குறைகிறது. துறைமுகத்தின் பெருமையே மாலுமியின் குறையாகிவிடுகிறது.

1933ல் திறக்கப்பட்ட கிளிஃபர்ட் படகுத்துறை 2006ல் மூடப்படும்வரை, அதில் இறங்கியவர் நடந்தே நகருக்குள் போய்விடலாம். இன்று நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சிறு படகில் வருபவர்கள் மரினா சவுத் படகுத்துறையிலோ வெஸ்ட் கோஸ்ட் படகுத்துறையிலோ இறங்குகிறார்கள். கொள்கலன் முனையங்களோ படிப்படியாகத் துவாசுக்கு இடம் மாறுகின்றன. துவாஸ் லிங்க் நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வந்து சேர சுமார் ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே திட்டமிடாமல் இறங்கினால் கிடைக்கும் நேரம் ரயிலிலேயே கரைந்துவிடும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கரையிறங்க விடுவது கப்பல் தலைவர் காட்டும் சலுகை அன்று. 1965ஆம் ஆண்டின் கடல் போக்குவரத்து வசதி உடன்படிக்கையும், 2006ஆம் ஆண்டின் கடல்துறைத் தொழிலாளர் உடன்படிக்கையும் அதை மாலுமியின் தேவையாக ஏற்றிருக்கின்றன. கப்பல் வேலையும் பாதுகாப்பும் இடம் தரும்போது இறங்கலாம். 2020ல் கொவிட் பரவியபோது, ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் உலகெங்கும் சுமார் 4 லட்சம் மாலுமிகள் கப்பல்களிலேயே சிக்கிக் கிடந்தார்கள். கரையில் கால் வைப்பதன் அருமை அப்போதுதான் உலகத்துக்கே புரிந்தது.

இறங்குமுன் செய்ய வேண்டியவை சில. மாலுமி அடையாள ஆவணம் கையில் இருக்க வேண்டும். கப்பல் பெயர், அது நிற்கும் இடம், கப்பல் முகவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கைபேசியை நம்பி இருந்தால், மின்கலம் தீர்ந்ததும் எல்லாம் தீர்ந்தது. திரும்பிப் போகும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு, எந்தப் படகுத்துறையிலிருந்து என்பதை முகவரிடம் கேட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் முக்கியம். ஒருவேளை கப்பலைத் தவறவிட்டால் ஒளிந்துகொள்ளக் கூடாது. உடனே முகவரிடமும், குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடமும் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் சின்னத் தவறும் பெரிய குற்றமாகிவிடும்.

எதைக் கொண்டுவரக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கப்பலில் வரியில்லாமல் வாங்கிய சிகரெட்டுக்கு இங்கே சலுகையே கிடையாது; ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். மின்சிகரெட்டை 2018லிருந்து வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பரில் தண்டனைகள் இன்னும் கடுமையாக்கப்பட்டன. முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பொட்டலத்தை யாருக்காகவும் சுமந்து வரக்கூடாது. போதைப்பொருள் என்றால் இந்த நாட்டில் உயிரே போகும்.

மரினா சவுத் படகுத்துறையில் இறங்கியவருக்கு வழி எளிது. பக்கத்திலேயே, 2014ல் திறக்கப்பட்ட பெருவிரைவு ரயில் நிலையம். சிவப்பு வழித்தடத்தில் ஏறி, நான்காவது நிலையமான தோபி காட்டில் இறங்கி, ஊதா வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. அறிவிப்புப் பலகையில் தமிழைப் பார்த்ததும் பாதிக் களைப்பு போய்விடும். தேக்கா நிலையத்தில் சாப்பாடு. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், பெருமாள் கோயில். டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல். ஓஃபிர் சாலையில், 1888ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த லூர்து அன்னை ஆலயம். எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

கடைக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முஸ்தபாவின் 24 மணி நேர வியாபாரம் கொவிட் காலத்தில் நின்றுபோனது. பழைய நினைவில் போகாமல் நேரத்தை விசாரித்துக்கொண்டு போவது நல்லது. பொருள், சேவை வரி இப்போது 9 விழுக்காடு. விமான நிலையம் வழியாகத் திரும்பும் சுற்றுப்பயணிகளுக்குக் கிடைப்பதுபோல், சரக்குக் கப்பலில் திரும்பும் மாலுமிக்கு அந்த வரி திரும்பக் கிடைக்காது. “ரீஃபண்டு வாங்கிக்கலாம்” என்று யாராவது சொன்னால் நம்பிவிடக் கூடாது. லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணிவரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. நண்பர்களோடு புல்தரையில் உட்கார்ந்து ஒரு டின்னைத் திறந்தாலும் அபராதம்தான்.

இவையெல்லாம் பலரும் சொல்லக்கூடிய யோசனைகள். யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. “சம்பளம் ஒழுங்காக வருகிறதா?”

கப்பலில் இருக்கும்வரை மாலுமி மனம்விட்டுப் பேச முடியாது. பக்கத்தில் இருப்பவர் மேலதிகாரி; பேசினால் அடுத்த வேலை கிடைக்குமா என்ற பயம். கரைதான் அவர் வாய் திறக்கும் இடம். 2024ஆம் ஆண்டில் மட்டும் 312 கப்பல்களில் 3,100க்கும் மேற்பட்ட மாலுமிகளை முதலாளிகள் கைவிட்டதாகச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்குக் காட்டியது. அவர்களில் அதிகம் பேர் இந்தியர்கள்.

ஒரு மாதச் சம்பளம் தாமதமானால், “அடுத்த மாசம் சேர்த்துத் தருவாங்க” என்று தம்பிமார்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே, அனைத்துலக விதியின்படி அவர் கைவிடப்பட்டவராகக் கருதப்படலாம். 2017 ஜனவரியிலிருந்து, இப்படிப்பட்டவர்களுக்கு நான்கு மாதச் சம்பளம் வரையும், உணவும், ஊர் திரும்பும் செலவும் கிடைக்கக் கப்பல் முதலாளி நிதிப் பாதுகாப்பு வைத்திருக்க வேண்டும். அதற்கான சான்றிதழ் கப்பலில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு இவற்றையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடட்டும். பின்னால் வழக்கு என்று வந்தால் பேசப்போவது அந்தத் தாள்கள்தான். வெறும் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

சிங்கப்பூர் இந்த உடன்படிக்கையை 2011லும், இந்தியா 2015லும் ஏற்றுக்கொண்டன. இங்கு வந்து நிற்கும் கப்பலின் மாலுமி, கடல்துறை, துறைமுக ஆணையத்திடம் புகார் செய்யலாம். அவர் பெயர் வெளியே வராமல் காக்கப்பட வேண்டும் என்பதும் விதி. மாலுமிகளுக்கான கிறிஸ்துவ சேவை அமைப்புகளின் பணியாளர்கள் கப்பலுக்கே வந்து பார்க்கிறார்கள், மதம் கேட்பதில்லை. இந்தியத் தூதரகம் கிரேஞ்ச் சாலையில் இருக்கிறது. சம்பளப் பாக்கிக்காகக் கப்பலையே தடுத்து வைக்கும் அதிகாரம் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. கப்பல் புறப்பட்டுவிட்டால் இந்தக் கதவுகளைத் தட்டுவது கடினம். அதனால்தான் கரையில் இருக்கும் நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு.

நேயர்களே, உறவுக்காரத் தம்பி கப்பலிலிருந்து வந்தால் வாழை இலை போட்டுச் சாப்பாடு போடுங்கள். ஊர்க்கதை பேசுங்கள். ஆனால் கை கழுவி வந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு கேள்வியையும் கேளுங்கள். அவர் “ஒண்ணும் இல்லண்ணே” என்பார். இன்னொரு முறை கேளுங்கள். பிறகு கடைசிப் படகுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே படகுத்துறையில் கொண்டுபோய் விடுங்கள்.