பாம்புப் பண்ணையில் ஒரு பகல்



தில்லியில் மழைக்காலம் தொடங்கிவிட்டால், அதனுடன் பாம்பைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடுகின்றது. 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யமுனை 208.66 மீட்டர் உயரத்தை எட்டித் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தபோது, வளைகளை இழந்த பாம்புகள் மேட்டு நிலம் தேடி மனிதர் வாழும் இடங்களுக்கு வந்தன. வெள்ளம் இல்லாத ஆண்டுகளிலும் பூங்காவின் புதரிலோ, மாடிப்படியின் அடியிலோ ஒரு பாம்பு காணப்படுவதும், குடியிருப்பு முழுவதும் தடியுடன் திரள்வதும் புதுமையல்ல. அந்தக் கூட்டத்தில் 'இது என்ன பாம்பு?' என்று கேட்பவர் மிகச் சிலரே. அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சின் பொருள்.

ஒரு காலத்தில் தலைநகரின் சிறுவர்களுக்குப் பாம்பை அறிமுகம் செய்துவைத்தவர் சாலையோரத்துப் பாம்பாட்டியே. பதர்ப்பூர்ப் பக்கத்து மோலர்பந்த் போன்ற ஊர்களிலிருந்து கூடையும் மகுடியுமாக வந்தவர்கள் அவர்கள். அவர்கள் காட்டிய நாகம் பெரும்பாலும் பல் பிடுங்கப்பட்ட நாகம். அது மகுடியின் இசைக்கு ஆடியதும் இல்லை. ஆட்டுபவரின் கை அசைவையும் குழலின் அசைவையும் கண்டே அசைந்தது. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அக்காட்சியைக் குற்றமாக்கியது. கூடைகள் படிப்படியாக மறைந்தன. ஆயினும் கூடை கற்பித்த தவறான பாடங்கள் மறையவில்லை. பாம்பு பால் குடிக்கும் என்றும், பழி வாங்கும் என்றும், மந்திரத்துக்குக் கட்டுப்படும் என்றும் இன்றும் நம்புவோர் உளர்.

சரியான பாடத்தை வேறொரு சாலையோரத்தில் நாங்கள் கண்டோம். விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது, எங்கள் தாயாருடனும் பிள்ளைகளுடனும் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் புறப்பட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றதும் வடநெம்மேலி என்னும் ஊர் வருகின்றது. அங்கேதான் 1976இல் ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய துணைவியார் ஜாய் அம்மையாரும் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கின்றது. விட்டேக்கர் அதற்கு முன்பே, 1969இல், சென்னைக்கு வெளியே சேலையூர்ப் பக்கத்தில் ஒரு சிறு பாம்புப் பண்ணையைத் தொடங்கியவர். 1972இல் அது கிண்டிக்கு மாறியது.

பிள்ளைகள் முதலைகளைக் கண்டு களித்தார்கள். ஆனால் எங்கள் மனத்தில் நின்றது, அதே வளாகத்தின் ஒரு மூலையில் இருக்கும் எளிய கூடம். அது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் விஷம் எடுக்கும் நிலையம். மணல் இட்ட மண்பானைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாயும் துணியால் கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு பாம்பு!

பாம்பைத் தேடிப் பிடிப்பதில் இருளர்களுக்கு நிகர் அரியர். மண்ணில் படிந்த தடத்தையும், வளையின் வாயையும், உரித்த சட்டையையும் பார்த்தே உள்ளே இருப்பது யார் என்று சொல்லவல்லவர்கள். முன்னாளில் அந்தத் திறமை பாம்புத் தோல் வாணிகத்துக்குத்தான் பயன்பட்டது. சட்டம் அத்தொழிலை நிறுத்தியபோது அவர்கள் வாழ்வு தவித்தது. 1978இல் அமைந்த கூட்டுறவுச் சங்கம் அவர்களுக்கு வேறு வழி காட்டியது. வனத்துறையின் அனுமதியுடன் பாம்பைப் பிடிக்கின்றார்கள். சில வாரங்கள் மட்டும் வைத்திருந்து, வாரம் ஒருமுறையாக நான்கு முறை விஷம் எடுக்கின்றார்கள். வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுகின்றார்கள். இக்கலையில் வல்ல வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. ஒரே சட்டம் இருளரையும் வடநாட்டுப் பாம்பாட்டிகளையும் தொழிலிழக்கச் செய்தது. இருளருக்கு ஒரு சங்கம் கிடைத்தது, பாம்பாட்டிகளுக்கு அதுபோன்ற மாற்றுத் தொழில் பரவலாகக் கிடைக்கவில்லை.

ஓர் இருளர் பெரியவர் நான்கு பாம்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். படம் எடுத்து நிற்கும் நல்ல பாம்பு. முதுகில் சங்கிலி போன்ற வட்டங்களுடன் உரக்கச் சீறும் கண்ணாடி விரியன். செதில்களை ஒன்றோடொன்று உரசி ஓசை எழுப்பும் சிறிய சுருட்டை விரியன். கருநீல உடலில் வெள்ளைக் கோடுகள் ஓடும் கட்டுவிரியன். இந்நாட்டில் பாம்புக் கடியால் நேரும் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்நான்குமே காரணம். கட்டுவிரியனைக் காட்டியபோது அவர் கூறினார்: "பகலில் இது பரம சாது. இரவில்தான் ஆபத்து. தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். கடித்த இடம் வலிக்காது, வீங்காது. விடியற்காலையில் வயிற்றை வலிக்கிறது என்பார்கள்."

எங்கள் தாயார் சற்று முன்னால் வந்தார்கள். "கண் இமை தொங்கிப் போகுமா?" என்று கேட்டார்கள்.

"ஆமாம் அம்மா. முதலில் இமைதான் இறங்கும். பிறகு பேச்சு குழறும், மூச்சு அடங்கும்."

அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், தஞ்சை மாவட்டத்தில், அறுவடைக் காலத்து ஓரிரவு திண்ணையில் படுத்திருந்தான் எங்கள் தாயாரின் தம்பி. வயது ஒன்பது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்தான். கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். கண்ணைத் திறக்க மாட்டாமல் சாய்ந்தபோது தூக்கம் என்று எண்ணினார்கள். பிற்பகலுக்கு முன் உயிர் போயிற்று. காத்துக் கருப்பு என்றது ஊர். அக்குடும்பத்தில் பாம்பு என்ற பேச்சே எழுந்ததில்லை. "இதுதானா?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாயார் அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள். எங்கள் மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொற்களோடு பழகுவோர்க்கு இங்கே ஒரு செய்தி உண்டு. கட்டுவிரியன் என்று தமிழ் அழைத்தாலும், அது விரியன் இனத்தைச் சேர்ந்ததன்று, நாகத்தின் உறவு. நாகத்தின் விஷமும் கட்டுவிரியனின் விஷமும் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்துகின்றன. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் குருதி உறைவதைக் கெடுக்கின்றன. ஆகவேதான், 1890களில் கால்மெத் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நாகத்தின் விஷத்துக்கு முதன்முதலாகச் செய்த முறிவு மருந்து, விரியன் கடிக்கு உதவவில்லை. இந்தியாவில் இன்று பயன்படும் மருந்து நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்யப்படுவது.

செய்யும் முறை வியப்பானது. மெல்லிய தோல் போர்த்திய கண்ணாடிக் குவளையைப் பாம்பு கடிக்கும்போது சில துளிகள் விழுகின்றன. அவற்றை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்குகின்றார்கள். மருந்து நிறுவனங்கள் அதனை மிகச் சிறு அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்துகின்றன. குதிரையின் குருதியில் விஷத்தை எதிர்க்கும் பொருள் உண்டாகின்றது. அதனைப் பிரித்துத் தூய்மை செய்தால் அதுவே மருந்து. இந்நாட்டு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி நெடுங்காலமாக இந்த இருளர் சங்கத்திலிருந்தே சென்றுள்ளது. தில்லி மருத்துவமனையில் ஓர் உயிரைக் காக்கும் குப்பியின் பின்னே செங்கற்பட்டுச் சீமை இருளரின் கை இருக்கக்கூடும்.

இதில் ஒரு குறையும் உண்டு. பாம்பு ஒன்றேயாயினும் வட்டாரத்துக்கு வட்டாரம் விஷம் மாறுபடுகின்றது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு, வடமேற்கே வாழும் சிந்துக் கட்டுவிரியன் போன்றவற்றின் விஷத்தை இம்மருந்து செவ்வனே முறிப்பதில்லை என்று காட்டியது. ஆகவே அந்தந்த வட்டாரத்து விஷத்தைக் கொண்டும் மருந்து செய்யவேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்று வருகின்றது. ஆனால் அதுவரை நம் கையில் உள்ள மருந்து இதுவே. காலத்தில் கிடைத்தால் எண்ணற்ற உயிர்களைக் காப்பதும் இதுவே.

காலத்தில் கிடைப்பதில்தான் நாம் தோற்கின்றோம். 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் மாண்டனர் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது; ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் நேர்ந்தவை. இச்சாவுகளை 2030ஆம் ஆண்டுக்குள் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் மத்திய அரசு 2024இல் ஒரு தேசியச் செயல் திட்டத்தை வெளியிட்டது.

நாம் செய்யக்கூடியவை சிலவே. ஆனால் தவறாது செய்யவேண்டியவை. மழைக்காலத்தில் தரையில் படுப்பவர் கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிக்கொள்ள வேண்டும். இரவில் வெளியே செல்லும்போது விளக்கும் செருப்பும் வேண்டும். நம் குடியிருப்பின் காவற்காரரும், அருகே கட்டட வேலை செய்வோரும் வெறுந்தரையில்தான் உறங்குகின்றார்கள். அவர்களிடமும் இதைச் சொல்லவேண்டும். கடித்துவிட்டால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் கேடு. கடியுண்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு நேரே கொண்டுசெல்லுதல் வேண்டும். பாம்பைக் கொன்று எடுத்துச் செல்லத் தேவையில்லை. வலியோ வீக்கமோ இல்லையென்று வீட்டில் இருந்துவிடலாகாது; கட்டுவிரியன் கடியில் அவை இரா.

விடுமுறையில் ஊர் செல்லும் நம்மவர் பலர் மாமல்லபுரம் செல்வது வழக்கம். வழியில் வடநெம்மேலியில் சற்று இறங்குங்கள். பிள்ளைகளை அந்தப் பானைகளின் அருகே அழைத்துச் செல்லுங்கள். நான்கு பாம்புகளின் பெயரையும் அடையாளத்தையும் அவர்கள் அறிந்து திரும்பினால், அச்சம் முற்றும் நீங்காவிடினும், அஞ்ச வேண்டியது எதற்கு என்பதையாவது தெரிந்துகொள்வார்கள்.