நீரில் கரையும் யுரேனியக் கல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசையும் நாடகமும் திரைக்குப் பின்னே காத்திருக்கும்போது, கல்லைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது உங்கள் பொறுமைக்குச் சோதனைதான். ஆயினும் இப்பொருளை நானாகத் தேர்ந்துகொள்ளவில்லை. சென்ற கோடையில் நம் காலனிச் சகோதரி ஒருவர் செய்தித்தாளும் கையுமாக என் வீட்டுக்கு வந்தார். “பஞ்சாப் நிலத்தடி நீரில் யுரேனியம் இருக்கிறதாமே, மாமா! தண்ணீரை இரண்டு முறை காய்ச்சித்தான் குழந்தைக்குக் கொடுக்கிறேன். அது போதுமல்லவா?” என்று கேட்டார். போதாது என்று மட்டும் அன்று சொன்னேன். ஏன் போதாது என்பதை விளக்க, லீபிகைட் என்னும் அரிய கனிமத்தை இன்று துணைக்கு அழைக்கிறேன்.

துருக்கி நாட்டில், இன்று எதிர்னே என வழங்கும் அட்ரியானோப்பிள் நகரின் அருகே, பிட்ச்பிளெண்டு என்னும் கரிய யுரேனியத் தாதுவின்மேல் பச்சை நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. அமெரிக்க இரசாயன அறிஞர் ஜே. லாரன்ஸ் ஸ்மித் அதனை ஆராய்ந்து, 1848ஆம் ஆண்டில் ஒரு புதுக் கனிமமென அறிவித்தார். தம் ஆசிரியராகிய ஜெர்மானிய அறிஞர் லீபிக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆவியைக் குளிரச் செய்யும் கண்ணாடிக் குழலுக்குப் பெயர் தந்தவரும் இந்த லீபிக்தான். குரு காணிக்கையாக ஒரு கல்! அழகான வழக்கமன்றோ!

இக்கல்லின் அமைப்பைக் கேளுங்கள். நடுவே ஒரு யுரேனியம். அதன் மேலும் கீழும் நேர்கோட்டில் இரண்டு ஆக்ஸிஜன். இந்த மூவர் கூட்டத்திற்கு யுரேனைல் என்று பெயர். அதன் இடையைச் சுற்றி மூன்று கார்பனேட்டுகள், ஒவ்வொன்றும் இரு கைகளால் பற்றிக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு வெளியே இரண்டு கால்சியமும் 11 நீர் மூலக்கூறுகளும் உள்ளன. எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் யுரேனியம். கால் பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். ஆதலின் தூய யுரேனியம் ஆக்ஸைடு தண்ணீரைப் போல் ஏறத்தாழ 11 மடங்கு கனக்க, லீபிகைட் 2.4 மடங்கே கனக்கும். செப்புக் காசு கொண்டு கீறினால் கீறல் விழும். அமிலத் துளி பட்டால் சுண்ணாம்புக்கல்லைப் போல் நுரைத்துப் பொங்கும்.

இருட்டறையில் இதன்மேல் புற ஊதாக் கதிர் பட்டால் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். முதன்முதலில் அதைக் கண்டபோது நான் சற்று நேரம் பேச்சற்று நின்றேன். ஆனால் அந்த ஒளி வேறு, கதிரியக்கம் வேறு. வெளியிலிருந்து வாங்கிய ஒளியை யுரேனைல் திருப்பித் தருவதே அந்தப் பச்சை. 1896இல் பாரிசில் பெக்கரல் என்னும் அறிஞரும் முதலில் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதினார். வெயில் இல்லாத சில நாட்களில் யுரேனிய உப்பையும் புகைப்படத் தகட்டையும் மேசை அறைக்குள் வைத்திருந்தார். வெளிச்சமே படாதிருந்தும் தகட்டில் தடம் விழுந்தது. கதிரியக்கம் அவ்வாறு வெளிப்பட்டது. நம் காலனிச் சிறுவன் ஒருவன், ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கைத் தண்ணீர் டம்ளரின்மேல் பிடித்துப் பார்த்து, “ஒன்றுமே மின்னவில்லை, தாத்தா” என்றான். ஆராயும் புத்தியைப் பாராட்டினேன். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியும் அளவு அதில் இருப்பதில்லை.

இனி நமக்கு வேண்டிய குணத்துக்கு வருவோம். பிட்ச்பிளெண்டு எளிதில் நீரில் கரையாது. ஆக்ஸிஜன் சேர்ந்து யுரேனைலாக மாறி, கார்பனேட்டின் கையைப் பிடித்துவிட்டால், அது தண்ணீரோடு புறப்பட்டு விடுகிறது. அந்த நீர் சுரங்கச் சுவரில் கசிந்து உலரும்போது லீபிகைட் பூக்கிறது. நம் குவார்ட்டர்ஸ் சுவரின் அடியில் உப்புப் பூக்கிறதே, அதைப் போலத்தான். நீர் மீண்டும் வந்தால் கரைந்து போகும். இக்கல் அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1990களில் ஜெர்மனியில் சுரங்கக் கசிவு நீரை ஆராய்ந்தவர்கள் அதில் இரண்டு கால்சியம், ஒரு யுரேனைல், மூன்று கார்பனேட் கொண்ட கூட்டினைக் கண்டார்கள். லீபிகைட்டின் அதே கணக்கு! இக்கூட்டுக்கு மின்னேற்றம் இல்லை. ஆகவே மண் துகள்கள் இதை எளிதில் பிடித்து நிறுத்துவதில்லை. பாறையிலும் வண்டலிலும் இயற்கையாகவே சிறிதளவு யுரேனியம் உண்டு. வேரும் மண்ணும் விடும் கரியமில வாயு நீரில் கரைந்து பைகார்பனேட் ஆகிறது. மிச்சத்தைத் தண்ணீரே செய்துவிடுகிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் 324 கிணறுகளைச் சோதித்தார்கள். ராஜஸ்தான் கிணறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, உலக சுகாதார நிறுவனம் கூறும் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் அளவைத் தாண்டியிருந்தது. நாம் வாழும் தென்மேற்குப் பஞ்சாபும் இவ்வகையில் பெயர் பெற்ற பகுதியே.

இதே குணம் நாட்டுக்குப் பயன்படுவதும் உண்டு. ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்துத் தும்மலப்பள்ளியில் யுரேனியம் சுண்ணாம்பு இனப் பாறையில் கிடக்கிறது. அமிலம் ஊற்றினால் பாறையே அதைக் குடித்துவிடும். ஆகவே சோடியம் கார்பனேட், பைகார்பனேட் கரைசலால் யுரேனியத்தைப் பிரித்தெடுக்கும் முறையை அங்கே அமைத்தார்கள். நம் சலவைச் சோடாவும் சமையல் சோடாவுந்தான்!

சகோதரியின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். காய்ச்சினால் கிருமி சாகும். யுரேனியம் சாகாது, ஆவியாகவும் செய்யாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். குடிநீரில் இதனால் முதலில் வரும் கவலை கதிர்வீச்சு அன்று. இரசாயன நஞ்சாகச் சிறுநீரகத்துக்கு ஏற்படும் தீங்கு. ஆர்.ஓ. கருவி இதைப் பெரும்பாலும் நீக்கிவிடும். ஆனால் கருவி கழித்து விடும் நீரில் செறிவு அதிகம். சில வீடுகளில் அந்த நீரில் பருப்பு வேகவைப்பதைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அது வேண்டாம்.

நம் காலனியின் மூன்று ஆழ்குழாய்க் கிணறுகளின் நீரையும் சோதனைக்கு அனுப்பினோம். ஒரு பாஸ்பேட் உப்பைச் சேர்த்துப் புற ஊதா ஒளி பாய்ச்சி, வரும் பச்சை ஒளியைக் கருவியால் அளந்தார்கள். சிறுவனின் டம்ளர் சோதனையின் பெரிய வடிவம் என்று கொள்ளுங்கள். இரண்டு கிணறுகள் வரம்புக்குள் இருக்கின்றன. கிழக்கு வாயிலருகே உள்ளது தாண்டிவிட்டது. அதன் குழாய்க்குச் சிவப்பு வண்ணம் பூசியிருக்கிறோம். தோட்டத்துக்கும் தரை கழுவவும் அந்த நீர் போதும். குடிக்கவும் சமைக்கவும் மற்ற இரண்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மூன்றையும் மறுபடி சோதிக்கச் செயற்குழு இசைந்திருக்கிறது. புட்டிகளில் நீர் பிடித்துத் தர இரண்டு இளைஞர்கள் வேண்டும். நாடகம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.