சந்திரநாகூரும் நம் ஆலைத் தொழிலாளரும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நம் கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர்களும் இளைஞர்களுமாக எண்மர் வங்காளத்திற்குச் சென்று வந்தோம். கொல்கத்தாவிற்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், ஊக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்துள்ள சந்திரநாகூர் என்னும் ஆலை நகரைக் காண்பதே அப்பயணத்தின் நோக்கம். காசிக்கும் கயைக்கும் போவார் உண்டு. சணல் ஆலையைப் பார்ப்பதற்கென்று இவ்வளவு தொலைவு போவாரும் உண்டோ என்று நண்பர்கள் சிலர் நகைத்தனர். ஏன் சென்றோம், என்ன கண்டோம், அது நம் பிள்ளைகளுக்கு எவ்வகையில் பயன்படும் என்பதைக் கூறவே இங்கு நிற்கிறோம்.

சந்திரநாகூர் நமக்கு அயலூர் அன்று. பிரெஞ்சிந்தியா என்று வழங்கப்பட்ட ஐந்து ஊர்களில் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய நான்கை நாம் அறிவோம். ஐந்தாவது சந்திரநாகூர். நம் ஊரின் கவர்னராக 1742இல் பொறுப்பேற்ற துய்ப்ளே, அதற்கு முன் பத்தாண்டுகள் அங்கே தலைமை அதிகாரியாக இருந்தவர். 1949 ஜூன் மாதத்தில் நடந்த வாக்கெடுப்பில் அவ்வூர் மக்கள் பெருவாரியாக இந்தியாவோடு இணைய விரும்பினர். 1950 மே 2ஆம் நாள் ஆட்சி கைமாறிற்று. 1954இல் மேற்கு வங்காளத்தோடு இணைந்தது. நாம் விடுதலை பெற்ற 1954 நவம்பர் முதல் நாளுக்கு நான்கரை ஆண்டுகள் முன்னரே அந்த உடன்பிறப்பு வீடு திரும்பிவிட்டது.

வங்காளத்தோடு நமக்கு இன்னும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. 1946இல் அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்கு முதன்முதலில் தேர்வு செய்யப்பட்டது தாம் வாழ்ந்த பம்பாயிலிருந்து அன்று. ஜோகேந்திரநாத் மண்டல் முதலானோரின் முயற்சியால் வங்காளத்திலிருந்துதான். அந்த நன்றிக்கடனை நம் இளைஞர்கள் மறத்தலாகாது.

ஹவுரா நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். இந்தியாவின் மிகப் பழைய இருப்புப் பாதைகளில் அதுவும் ஒன்று. 1854 ஆகஸ்டு 15இல் ஹவுராவிலிருந்து ஊக்ளி வரை முதல் வண்டி ஓடிற்று. வழியில் இந்து மோட்டார் என்றே ஒரு நிலையம் வருகிறது. அம்பாசடர் கார்கள் செய்யப்பட்ட ஆலையின் பெயரை நிலையம் இன்னும் தாங்கி நிற்கிறது. ஆலையோ 2014 மே மாதத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதற்கு அப்பால் வரும் ரிஷ்ராவில்தான் 1855ஆம் ஆண்டில் நாட்டின் முதல் சணல் நூற்பாலை, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்து கொண்டுவந்த இயந்திரங்களோடு தொடங்கப்பட்டது. அதன்பின் ஆற்றின் இரு கரைகளிலும் புகைபோக்கிகள் அடுத்தடுத்து எழுந்தன.

ஆலைகள் ஏன் ஆற்றங்கரையைத் தேடின என்று எங்களோடு வந்த மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கிழக்கு வங்காளத்து வயல்களில் விளைந்த சணல் படகுகளில் வந்து இறங்கிற்று. கொதிகலன்களுக்கு வேண்டிய நீரை ஆறு தந்தது. நெய்து தைத்த சாக்குகளைக் கொல்கத்தாத் துறைமுகத்திற்குச் சுமந்து சென்றதும் அதே ஆறுதான். 1947இல் நாடு பிரிந்தபோது சணல் விளையும் நிலத்தில் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. ஆலைகள் இப்பக்கம் நின்றுவிட்டன. பின்னர் பிளாஸ்டிக் பை வந்தது. உணவு தானியத்தையும் சர்க்கரையையும் அரசு குறிக்கும் அளவிற்குச் சணல் பைகளில் கட்ட வேண்டும் என்பதற்கு 1987இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அரிசி மூட்டையின் சாக்கு எத்தனை கைகள் பட்டு வருகிறது என்பதை அங்கே உணர்ந்தோம். பச்சைச் சணலை எண்ணெயும் நீரும் தெளித்து மென்மையாக்க வேண்டும், சீவ வேண்டும், நூற்க வேண்டும், நெய்ய வேண்டும், வெட்டித் தைக்க வேண்டும். தறிகளின் ஓசையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேளாது. தூசு நெஞ்சை அடைக்கும்.

இவ்வேலைக்கு வந்தவர் யார்? பீகாரிலிருந்தும், கிழக்கு உத்தரப்பிரதேசத்திலிருந்தும், ஒரிசாவிலிருந்தும், ஆந்திரக் கடலோரத்திலிருந்தும் வந்த ஏழைகள். நிலமற்றோரும் ஒடுக்கப்பட்டோரும் அவர்களுள் மிகப் பலர். 'சர்தார்' எனப்பட்ட மேஸ்திரிகள் அவர்களை ஊரிலிருந்து அழைத்து வந்து வேலையில் சேர்த்தனர். அவர்கள் வாழ்ந்த குடியிருப்பு வரிசைகளைப் பார்த்தபோது, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் வாழ்ந்த லயங்கள் நினைவிற்கு வந்தன.

ஊரில் பிறந்த சாதியை ஆலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகலாம் என்று நம்பியவர் பலர். அந்நம்பிக்கை எளிதில் நிறைவேறவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவிற்கே கூலி மிகுதி. ஆனால் நம் மக்களுக்கு அங்கே இடமில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டப்படாதவர் வாய்பட்ட நாடாவைத் தொடமாட்டோம் என்று மற்றவர்கள் மறுத்தனர். 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இவ்வநீதியைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முன் வைத்தார். கூலி உயர்வு கேட்பவர்கள் தம் உடன் உழைப்பவருக்கு நெசவுப் பிரிவின் கதவைத் திறக்க வேண்டாவோ என்பதே அவர் எழுப்பிய வினா. இயந்திரம் சாதி அறியாது. இயந்திரத்தை நடத்துகிறவர் அறிவர்.

சந்திரநாகூரின் ஆற்றங்கரைச் சாலை நம் கடற்கரைச் சாலையைப் போன்றே அழகியது. மர நிழல், கற்பலகை இருக்கைகள், துய்ப்ளேயின் பெயரோடு இணைந்த மாளிகையில் ஓர் அருங்காட்சியகம், அருகில் திருஇருதய ஆலயம் எல்லாம் உள்ளன. பிரெஞ்சு ஆட்சியின் பொருள்கள் மாளிகையில் இருக்கின்றன. சுமை தூக்கியவர்களின் வரலாற்றையோ ஆலைச் சுவர் ஓரமாகத்தான் தேட வேண்டியிருந்தது.

அந்நகரின் எல்லையில் ஒரு வாயில் நிற்கிறது. பாஸ்டில் சிறை வீழ்ந்ததன் நினைவாக 1937இல் எழுப்பப்பட்டது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்கள் பிரெஞ்சு மொழியில் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. நாங்கள் அவ்வாயிலின் கீழ் நெடுநேரம் நின்றோம். அந்த ஆண்டு எங்களை வேறோர் எண்ணத்திற்குக் கொண்டுசென்றது.

அதற்கு முந்திய ஆண்டில், 1936 ஜூலை 30ஆம் நாள், இதே மூன்று சொற்களைத் தன் முத்திரையாகக் கொண்ட அரசின் படை, நம் புதுச்சேரியில் சவானா ஆலைத் தொழிலாளர் மீது சுட்டது. பன்னிரு தொழிலாளர் உயிர் நீத்தனர். எட்டு மணி நேர வேலை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவையே அத்தொழிலாளர் கேட்டவை. வ. சுப்பையா முதலிய தலைவர்கள் விடாது போராடியதன் பயனாக, 1937 ஏப்ரலில் பிரெஞ்சு அரசு அவ்வுரிமைகளை ஆணையாக வழங்கிற்று. ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில், வைசிராயின் ஆட்சிக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அண்ணல் அம்பேத்கரின் காலத்தில், 1946ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால்தான் வாரத்திற்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலை 48 மணி நேரமாகக் குறைந்தது. ஆகவே, அன்பர்களே, வாயிலில் செதுக்கிய சொல் தானே இறங்கிவந்து லயத்து வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. அச்சொல்லைச் சட்டமாக்க ஒருவர் போராட வேண்டும். சட்டமானபின் அதைப் படித்துக் கேட்டுப் பெற ஒருவர் வேண்டும். இந்த இரண்டாவது வேலைதான் இக்கழகம் போன்றவற்றின் வேலை.

இதற்குச் சான்று ஒன்று அங்கேயே கிடைத்தது. ஆற்றங்கரை ஆலையொன்றில் முப்பதாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை அவர் வீட்டில் சந்தித்தோம். பாட்டனார் காலத்தில் பீகாரிலிருந்து வந்த குடும்பம். ரவிதாஸ் சமூகத்தைச் சேர்ந்தவர். எங்களுள் இந்தி அறிந்தவர் மொழிபெயர்த்தார். கட்டிலின் அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். ஊதியச் சீட்டுகள், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண், ஆலை அடையாள அட்டை ஆகியவை ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அவர் மகள்தான் தாள்களைப் படித்து, பணிக்கொடைக்கு விண்ணப்பம் எழுதி, தொழிலாளர் அலுவலகத்திற்குப் பலமுறை அலைந்து, தந்தைக்கு உரியதைப் பெற்றுத் தந்தாராம். பக்கத்து வீட்டுக்காரரும் ஏறக்குறைய அத்தனை ஆண்டுகள் உழைத்தவரே. அவரிடம் தாள்களும் இல்லை. படித்துச் சொல்ல ஆளும் இல்லை. அவர் இன்னும் காத்திருக்கிறார்.

மாணவர்களே, இதைக் கணக்காகவே போட்டுப் பாருங்கள். 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டிற்கும் பதினைந்து நாள் ஊதியம் என்று விதித்தது. இவ்வுரிமை 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து இறுதி மாத ஊதியம் 13,000 ரூபாய் என்று கொள்வோம். அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 500 ரூபாய். பதினைந்து நாளைக்கு 7,500 ரூபாய். முப்பது ஆண்டுகளுக்கு 2,25,000 ரூபாய். ஏழாம் வகுப்புக் கணக்கு இது. இக்கணக்கைப் போடத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு இரண்டேகால் இலட்சம் ரூபாய்.

ஆலைகள் என்றும் நிலைப்பவை அல்ல. சந்திரநாகூரின் கோந்தல்பாரா சணல் ஆலை 2018 மே மாதத்தில் மூடப்பட்டு, ஈராண்டுகளுக்கு மேல் மூடியே கிடந்தது. நம் ஊரிலும் அதே கதைதான். 1898இல் தோன்றி, 'ரோடியர் மில்' என்று நம் பாட்டனார் வழங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 2020இல் மூடப்பட்டது. முதலியார்பேட்டையில் ஒரு காலத்தில் ஆலைச் சங்குதான் கடிகாரம். சங்கு கேட்டு உலை வைத்த வீடுகள் உண்டு. நாங்கள் பணியாற்றிய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் 'தந்தையின் தொழில்' என்றொரு கட்டம் உண்டு. பழைய பக்கங்களில் அக்கட்டத்தில் 'மில் தொழிலாளி' என்று அடுத்தடுத்து எழுதியிருக்கும். பின்வந்த பக்கங்களில் அதே குடும்பத்துப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே 'கூலி' என்று இருக்கும். எட்டு மணி நேரமும், வைப்பு நிதியும், விடுப்பும் பெற்றிருந்த குடும்பம் ஒரே தலைமுறையில் அவை யாவும் இல்லாத வேலைக்கு இறங்கியதை அந்த ஒரு சொல் மாற்றம் காட்டும்.

இதைக் கூறுவது மனந்தளர அன்று. சந்திரநாகூரிலேயே வேறொரு தொழிலும் வளர்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் ஜகத்தாத்திரி பூஜைக்கு வீதிகளை மின்விளக்குகளால் அலங்கரிக்கும் கலையில் அவ்வூர் கைவினைஞர்கள் பெரும்பெயர் பெற்றவர்கள். சிறு பல்புகளில் தொடங்கியவர்கள் இன்று எல்.இ.டி. விளக்குகளில் அசையும் உருவங்களை அமைக்கின்றனர். பிற நகரங்களிலிருந்தும் அழைப்பு வருகிறது. பட்டறை ஒன்றில் இளைஞர்கள் வரைபடம் பார்த்துக் கம்பி இணைப்பதைக் கண்டோம். ஆலை மூடினாலும் கையோடு வரும் தொழில் அது. ஆயினும் ஒன்றை மறவாதீர். அப்பட்டறை வேலைக்கும் ஊதியச் சீட்டு வேண்டும். வைப்பு நிதி வேண்டும். வேலை நேரத்திற்கு வரம்பு வேண்டும். கைத்தொழில் மட்டும் கற்று உரிமை கல்லாதவர், ஆலைக்கு வெளியே மீண்டும் பழைய கூலியாகவே நிற்பார்.

ஆகவே, வெள்ளி விழாக் காணும் நம் கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, மூடிய ஆலைகளில் உழைத்த நம் பெரியோர்களின் தாள்களை வீடு வீடாகச் சென்று திரட்டி, வரவேண்டிய தொகை எவருக்கேனும் நிலுவையில் உள்ளதா என்று பார்க்க மாணவர் குழு ஒன்று அமைத்தல் வேண்டும். இரண்டாவது, மாலை வகுப்பில் ஆங்கிலமும் கணக்கும் கற்பிப்பதுபோலத் தொழிலாளர் சட்டத்தையும் வாரம் ஒரு மணி நேரம் கற்பித்தல் வேண்டும். பெண்பிள்ளைகள் அவ்வகுப்பில் முன்வரிசையில் அமர வேண்டும். தந்தையின் தாளைப் படித்துக் காட்டியவர் ஒரு மகள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். மூன்றாவது, கழகத்தின் உதவி பெற்று வேலைக்குச் செல்லும் ஒவ்வோர் இளைஞரும் முதல் மாத ஊதியச் சீட்டின் படியைக் கழகத்தில் கொடுத்து வைத்தல் வேண்டும். சீட்டுத் தராத வேலையாயின், ஏன் தரவில்லை என்று கேட்கும் துணிவைக் கழகம் அவருக்குத் தரட்டும்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பேரப்பிள்ளைகள் பள்ளியில் சேரும்போது, 'தந்தையின் தொழில்', 'தாயின் தொழில்' என்னும் கட்டங்களில் என்ன எழுதப்படும் என்பது நம் உழைப்பைப் பொறுத்தது. ஆசிரியர், பொறியாளர், மின்பணியாளர், செவிலியர், எதுவாயினும் ஆகுக. உரிமையுள்ள ஒரு தொழிலாக இருக்கட்டும்.